வில்லியம் மோரிஸின் பொன்னெழுத்து: ஓர் அச்செழுத்தின் ஸனது

மத்ரஸாவில் ஓதியவர்களுக்குக் கல்லச்சுக் கித்தாபுகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்தின் நடுவில் மூலம்; அதைச் சூழ்ந்து ஷரஹு; ஓரங்களில் சாய்ந்தும் சில இடங்களில் தலைகீழாகவும் ஓடும் ஹாஷியா; வரிகளுக்கிடையே எறும்பு ஊர்ந்தாற்போல் சிறு குறிப்புகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறை, நமது நாட்டின் உலமாக்களுக்கு ஒரு கொடையாகவே வந்து சேர்ந்தது. காத்திப் தமது கலத்தால் எழுதியது கல்லில் பதிந்து, கல்லிலிருந்து தாளுக்கு வந்தது. அச்சாகவும் இருந்தது, கையெழுத்தாகவும் இருந்தது. 1858-இல் லக்னோவில் தொடங்கப்பட்ட நவல் கிஷோர் அச்சகம் முதலானவை வெளியிட்ட கித்தாபுகளின் இறுதிப் பக்கத்தில், பல வேளைகளில் அந்தக் காத்திபின் பெயரும் அடக்கமாக இடம்பெற்றிருக்கும். எந்தக் கை எழுதியது என்பதை மறைக்க எவரும் முயலவில்லை.

இப்படிப்பட்ட பக்கங்களில் கண் பழகிய நமக்கு, 'கைவினைத் தோற்றம் கொண்ட பழம்பாணி எழுத்துரு' என்ற சொற்றொடரை முதன்முதலாகக் கேட்டபோது ஒரு கேள்விதான் எழுந்தது. யாருடைய கை?

அந்தச் சொற்றொடரை நாம் கேட்ட இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அரபிக் கல்லூரி, மறைந்த தனது பேராசிரியர் ஒருவரின் ஸர்ஃபுக் குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கியது. மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நமக்கு. வெளிநாட்டு வாசகர்களை உத்தேசித்து ஆங்கிலத்திலும் ஒரு முகப்புப் பக்கம் வேண்டும் என்று குழுவினர் விரும்பினர். பக்க வடிவமைப்பாளர் ஓர் எழுத்துருவைக் கொணர்ந்து காட்டினார். விளிம்புகள் அரித்தாற்போல் இருந்தன. கோடுகள் நேராக நில்லாமல் சற்றே தள்ளாடின. நூறாண்டு மழையில் நனைந்த பலகைபோல் இருந்தது. "பழமை தெரிகிறது ஹஸ்ரத்" என்றார். குழுவினர் மகிழ்ந்தனர். நாமும் தலையசைத்தோம். நூல் வெளிவந்து ஓராண்டு கழித்து, வெளியூரிலிருந்து அறிஞர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தக் கித்தாபுக்கு முதற்பதிப்பு எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்தக் குறிப்புகளை ஆசிரியர் வகுப்பில் சொன்னதை நாம் காதால் கேட்டிருக்கிறோம். அது 1980-களில்.

அந்தக் கடிதத்திற்குப் பதில் எழுதும் வெட்கத்தினால்தான் இந்த எழுத்துக்களின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினோம். தேடல் நம்மைக் கொண்டு சேர்த்த இடம் லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதி. அங்கு 1891 ஜனவரியில் வில்லியம் மோரிஸ் நிறுவிய கெல்ம்ஸ்காட் அச்சகமும், அதன் முதல் எழுத்தான 'கோல்டன் டைப்' எனும் பொன்னெழுத்தும் இக்கட்டுரையின் பொருள்.

பெயரைக் கண்டு எவரும் பொன்முலாம் பூசிய எழுத்து என எண்ணிவிட வேண்டாம். கிறிஸ்தவப் புனிதர்களின் வரலாறுகளைக் கூறும் 'கோல்டன் லெஜண்ட்' என்ற இடைக்கால நூலை, காக்ஸ்டனின் ஆங்கிலத்தில் முதல் வெளியீடாகக் கொணர மோரிஸ் திட்டமிட்டிருந்தார். அதன் பெயரே எழுத்துக்கும் ஆனது. ஆனால் அந்நூல் 1892-இல்தான் வெளிவந்தது. மோரிஸ் தாமே எழுதிய ஒரு கதை 1891-இலேயே முந்திக்கொண்டது.

மோரிஸ் கவிஞர், திரைச்சீலைகளும் சுவர்த்தாள்களும் வரைந்தவர், துணிக்குத் தம் கையாலேயே சாயம் தோய்த்தவர், பிற்காலத்தில் சோஷலிசப் பிரச்சாரகர். அச்சுத்தொழிலுக்கு அவர் வந்தது ஐம்பத்தைந்து வயதை ஒட்டி. 1888 நவம்பர் 15 அன்று எமரி வாக்கர் என்ற நண்பர் அச்சுக்கலை பற்றி ஓர் உரையாற்றினார். பழைய நூல்களின் பக்கங்களைப் புகைப்படமாக எடுத்து, விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டின் அச்செழுத்து ஆள் உயரத்திற்கு எழுந்து நின்றதைக் கண்ட மோரிஸ், வீடு திரும்புகையிலேயே தமக்கென ஓர் எழுத்தைச் செய்துகொள்ளத் தீர்மானித்தார் என்பர்.

அவர் மாதிரியாகக் கொண்டது வெனிஸ் நகரில் நிகோலா ஜென்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1470-இல் வெளியிட்ட ரோமன் எழுத்து. ஜென்சன் நாணயச் சாலையில் பயின்றவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எஃகு முனையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து குழியாக்கி, அக்குழியில் ஈயக் கலவையை ஊற்றி எழுத்து வார்ப்பது அச்சுத்தொழில். நாணய முத்திரை வெட்டியவருக்கு அது அந்நியமான வேலை அன்று. அவர் வெட்டிய எழுத்தின் பின்னால் இத்தாலிய மனிதநேய அறிஞர்களின் கையெழுத்து இருந்தது. அந்த அறிஞர்கள், ஏறத்தாழ 1400-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸ் நகரில், தமக்குக் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு முதலான ஏடுகளைப் பார்த்து எழுதப் பழகினர். அவ்வெழுத்தைப் 'பழைய எழுத்து' என்று அழைத்தனர். அது பண்டைய ரோமர்களின் எழுத்தென அவர்களிற் பலர் நம்பினர். உண்மையில் அது ஷார்லமேன் காலத்துத் துறவிமடங்களின் எழுத்து. ஆகவே ரோமன் அச்செழுத்தின் தொடக்கத்திலேயே பழமையைப் பற்றிய ஒரு தவறான நினைவு இருக்கிறது. இதை நாம் குறையாகக் கூறவில்லை. தவறாக நினைவுகூர்ந்தவர்கள், தாம் நம்பியதை நேர்மையாகவே எழுதினார்கள்.

இங்கு நமக்குப் பழக்கமான ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். ஹதீஸ் கலையின் சொற்களை அச்செழுத்துக்குப் பயன்படுத்துவது சிலருக்கு உவப்பாக இராது. நாம் அக்கலையின் மதிப்பை இங்கே இறக்கவில்லை; அது கற்றுத்தந்த கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். ஓர் எழுத்து, தான் ஒரு பழைய கையிலிருந்து வந்ததாகக் கூறுமானால், இடையில் நின்றவர்கள் யார், ஒருவர் மற்றவரிடமிருந்து நேராகப் பெற்றாரா, எங்கேனும் சங்கிலி அறுந்திருக்கிறதா என்று கேட்பது நியாயமே.

பொன்னெழுத்தின் ஸனதில் ஒரு பலவீனம் உடனே தென்படுகிறது. மோரிஸ் ஜென்சனின் எஃகு முத்திரைகளைக் காணவில்லை. அச்சிட்ட பக்கங்களையே கண்டார். அப்பக்கங்களை, குறிப்பாக ஜென்சன் 1476-இல் அச்சிட்ட பிளினியின் நூலை, வாக்கர் புகைப்படமாகப் பெரிதாக்கிக் கொடுத்தார். ஈரமான தாளில் அழுத்திய எழுத்தின் மை, எழுத்தின் எல்லையைத் தாண்டிச் சற்றே பரவும். அதைப் பெரிதாக்கினால் பரவலும் பெரிதாகும். மை சொன்னதையும் எழுத்து சொன்னதையும் பிரித்தறிவது அப்போது எளிதன்று. பொன்னெழுத்து ஜென்சனின் எழுத்தைவிடக் கனத்தும் கறுத்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே நமது கருத்து. மற்றொரு காரணம் மோரிஸின் விருப்பம். தம் காலத்து அச்சு மெலிந்து, சாம்பல் பூத்து, நோயாளிபோல் கிடக்கிறது என அவர் கருதினார். பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஏறக்குறைய ஒரு கொள்கை.

ஆயினும் அவர் வெறுமனே நகலெடுக்கவில்லை. பெரிதாக்கிய எழுத்துக்களின் மீது மெல்லிய தாளை வைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவ்வெழுத்தின் நடை கைக்கு வந்தபின் மாதிரியை ஒதுக்கி வைத்துத் தாமே வரைந்தார். நமது கத்தாத்துகள் 'மஷ்கு' என்று கூறும் பயிற்சியும் இதுவேயன்றோ? ஆசானின் தனியெழுத்துக்களை மாணவர் பன்முறை எழுதிப் பழகுவார். கை ஆசானின் கையாகும்வரை தமது பெயரை இடமாட்டார். மோரிஸுக்கு இஜாஸா வழங்க ஜென்சன் உயிரோடு இல்லை. என்றாலும் அந்த மஷ்கு மெய்யானது. அவருடைய கை கலம் அறிந்த கை என்பதற்கும் சான்று உண்டு. 1870-களின் தொடக்கத்தில் பல நூல்களைத் தோலில் தம் கையாலேயே எழுதி வண்ணம் தீட்டியவர் அவர். உமர் கய்யாமின் ருபாயியாத்தின் ஆங்கில வடிவத்தை அவர் அவ்வாறு எழுதிய பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் நமக்கு அவர்மீது ஒரு மனக்குறை. இத்தனை ஏடுகளை எழுதிய கை, தன் எழுத்தையே அச்செழுத்தாக்கியிருக்கலாம். அவர் புகைப்படத்தை நம்பியது ஏன்? ஆங்கிலத்துக்கு வேண்டிய சில எழுத்துக்கள் ஜென்சனிடம் இல்லவே இல்லை. ஜென்சன் அச்சிட்டது பெரும்பாலும் லத்தீன். அதற்கு 'டபிள்யூ' தேவைப்படவில்லை. 'ஜே'யும் பேரெழுத்து 'யு'வும் தனி எழுத்துக்களாக அன்று இல்லை. அவற்றை மோரிஸ் தாமே உருவாக்க வேண்டியிருந்தது. பொன்னெழுத்துப் பக்கத்தில் அவை அந்நியமாகத் தெரியவில்லை. மாதிரி இல்லாத இடத்தில் அவருடைய கை தயங்கவில்லை என்பதே இதன் பொருள். நமது முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களின் மீதும் கீழும் புள்ளிகளைக் கூட்டி, புதியவற்றைப் பழையவற்றின் குடும்பத்திலேயே பிறக்கச் செய்தார்கள். அந்தத் துணிவை மோரிஸ் சில எழுத்துக்களோடு நிறுத்திக்கொண்டார்.

எழுத்தை இனி நேராக நோக்குவோம். நூலகங்கள் எண்மப்படுத்தி வைத்துள்ள பக்கங்களைக் கணினியில் பெரிதாக்கியே பார்த்தோம். வாக்கரின் திரையை நினைத்துச் சிரித்தும் கொண்டோம். 'செரிஃப்' எனப்படும் பாதக்கோடுகள் பொன்னெழுத்தில் மொண்ணையாகவும் தடிப்பாகவும் உள்ளன; செங்கல்மேல் தூண் நிற்பதுபோல் ஒவ்வோர் எழுத்தும் நிற்கிறது. சிற்றெழுத்து 'இ'யின் குறுக்குக்கோடு கிடையாக இல்லாமல் மேல்நோக்கிச் சாய்கிறது. சாய்வாக வெட்டிய இறகுக் கலத்தின் நினைவு அது. ஜென்சனிடமிருந்து சிதையாமல் வந்து சேர்ந்த ஒரே வாக்கியம்போல் அதை நாம் விரும்பினோம். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. சொற்களுக்கிடையே இடம் குறுகியது. வரிகளுக்கிடையே ஏறத்தாழ இல்லை. பக்கம் முழுவதும் ஒரே நெசவாகிறது.

நெசவு என்ற சொல்லை நாம் எண்ணியே எழுதினோம். 1893-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அர்தபீல் கம்பளத்தை 2,000 பவுனுக்கு வாங்கியபோது, அதை வாங்குமாறு பரிந்துரைத்தவர் மோரிஸ்தான். ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் மக்ஸூத் காஷானி என்ற பெயரும் நெய்யப்பட்ட அந்தக் கம்பளம் பழுதின்றி முழுமையாக இருந்தது பலரையும் வியக்க வைத்தது. அதன் இணையான மற்றொரு கம்பளத்தை வெட்டி, அந்தத் துண்டுகளால் இதை நிறைவாக்கியிருந்தனர் வணிகர்கள். விற்பனையின்போது இணை மறைக்கப்பட்டது. எஞ்சிய அந்தக் கம்பளம் இன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ளது. பழமையின் முழுமையை விரும்பிய கண்ணை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கம்பளமாகப் பார்க்கும்போது பொன்னெழுத்துப் பக்கம் அழகானது. திராட்சைக் கொடி படர்ந்த மரச்செதுக்கு ஓரங்களுக்குள் அந்தக் கறுப்பு சரியாகப் பொருந்துகிறது. வேறெந்த எழுத்தும் அந்த ஓரங்களைத் தாங்கியிராது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பரப்பாகக் காண வேண்டும் என்ற அவரது கோட்பாடு இன்றும் அச்சுத்தொழிலார்க்குப் பாடம். ஆனால் வாசிக்கத் தொடங்கினால் நிலைமை வேறு. ஒரு பக்கத்தைக் கடப்பதற்குள் கண் சோர்கிறது. எழுத்துக்கள் ஒவ்வொன்றும் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன, சொல் ஒதுங்கிவிடுகிறது. நல்ல நஸ்கு எழுத்தில் இவ்வாறு நேர்வதில்லை. பக்தாதில் இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391-இல் எழுதிய முஸ்ஹஃப் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களைப் பார்க்கும் எவரும் முதலில் ஓதத் தொடங்குவார்கள், பிறகே எழுத்தின் அழகைக் காண்பார்கள்.

ஓரங்களின் செய்தியும் அவ்வாறே. கல்லச்சுக் கித்தாபின் ஓரம் வேலை செய்யும் இடம். மூலத்தை மறுப்பவர், விளக்குபவர், மறுத்தவரை மறுப்பவர் எல்லோரும் அங்கே குடியிருப்பர். கெல்ம்ஸ்காட் ஓரத்தில் கொடி மட்டும் படர்கிறது. அந்தப் பக்கத்தில் குறிப்பெழுத எவருக்கும் மனம் வராது. விலையும் இடம் தராது: 1896-இல் வெளிவந்த சாஸர் தொகுதி, தாளில் 425 படிகள், தோலில் 13 படிகள், தாள் படியின் விலையே 20 பவுன். உழைப்பாளிக்கும் அழகு உரியது என மேடைதோறும் பேசியவரின் நூல்களை உழைப்பாளி வாங்க இயலவில்லை. இந்த முரணை மோரிஸும் அறிந்திருந்தார். தீர்க்க அவரிடம் வழியில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். 1898-இல் அச்சகம் மூடப்பட்டது.

அவர்மீது நாம் சுமத்தாத குற்றம் ஒன்று உண்டு. அவர் ஏமாற்றவில்லை. பொன்னெழுத்தில் அச்சிட்ட நூல்களின் இறுதியில் ஆண்டும் இடமும் தெளிவாக உள்ளன. விளிம்புகளை வேண்டுமென்றே சிதைக்கவில்லை. பழசாகத் தோன்றக் கறை பூசவில்லை. 'கைவினைத் தோற்றம்' அங்கே தோற்றம் மட்டுமன்று. எஃகில் ஒவ்வோர் எழுத்தையும் எட்வர்ட் பிரின்ஸ் என்பவர் கையால் வெட்டினார்; நூல்கள் கைவிசை அச்சில் அச்சாயின; கென்டில் பாட்சிலர் என்பவரின் ஆலையில் கையால் செய்த தாள் பயன்பட்டது. பிரின்ஸின் பெயரை இன்று அறிந்தவர் மிகச் சிலர். 'பொன்னெழுத்தை வெட்டியவர் யார்' என்று கேட்டால் மோரிஸ் என்பார்கள். நமது காத்திபுகளுக்கு இறுதிப் பக்கத்தில் கிடைத்த ஒரு வரி, முத்திரை வெட்டிய அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஜென்சனின் அதே வெனிஸில், 1537–38-ஐ ஒட்டி, பகனினோ தந்தையும் மகனும் திருக்குர்ஆனை அச்சிட்டதை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. அதன் ஒரே படி 1987-இல் அந்நகரின் துறவிமட நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டது. தாலும் தாலும் (புள்ளியுள்ளதும் இல்லாததும்) அங்கே பிரித்தறியப்படவில்லை, ஹரகத்துக்கள் பிழையானவை. தொழில்நுட்பம் ஜென்சனுடையதற்குக் குறைந்ததன்று. ஓதத் தெரிந்த ஒரு கை அந்த அச்சுக்கூடத்தில் இருந்ததற்கான அடையாளம் எழுத்தில் இல்லை. ரோமன் எழுத்துக்கள் தனித்தனியே நிற்பவை. ஈயத்தில் எளிதில் அடங்கின. ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் அரபு எழுத்தை ஈயத்தில் இணைக்க நூற்றுக்கணக்கான தனி வார்ப்புகள் வேண்டியிருந்தன. எகிப்தின் பூலாக் அச்சகம் அந்தப் பொறுமையைக் காட்டியது. அதன் நஸ்கு எழுத்தில் 1924-ஆம் ஆண்டின் கெய்ரோ முஸ்ஹஃப் அமைந்தது. நமது காலத்தில் காலித் ஹுஸ்னி அதையே 'அமீரி' எனும் கணினி எழுத்துருவாக்கி எவரும் இலவசமாகப் பயன்படுத்த அளித்திருக்கிறார். யாரிடமிருந்து பெற்றேன் என்பதைப் பெயரிலேயே சொல்லும் எழுத்துரு அது.

மோரிஸுக்குப் பின் அதே ஹேமர்ஸ்மித்தில் தோன்றிய டவ்ஸ் எழுத்தைப் பற்றி விரிவாக எழுத ஆசைதான். வாக்கரும் காப்டன் சாண்டர்சனும் கூட்டாகச் செய்தது. வெட்டியவர் அதே பிரின்ஸ். ஜென்சனுக்கு மோரிஸைவிட நெருக்கமானது, மெலிந்தது, வாசிக்க இனியது. ஓரத்தில் கொடியும் இல்லை. கூட்டு முறிந்தபின், ஒப்பந்தப்படி எழுத்து வாக்கரைச் சேர வேண்டியிருக்க, எழுபதைக் கடந்த சாண்டர்சன் முத்திரைகளை 1913-இலும், எழுத்துக்களை 1916–17 இரவுகளிலும் ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் எறிந்தார். கைக்கெட்டாமல் செய்வதும் அழகைக் காப்பதாகும் என்ற அந்தப் பித்து நமக்கு விளங்கவில்லை. அமானத்தில் கைவைப்பதாகவே தோன்றியது. 2014-இல் மூழ்காளர்கள் ஏறக்குறைய 150 துண்டுகளை மீட்டனர்.

இனி நமது முகப்புப் பக்கத்து எழுத்துக்கு வருவோம். அதன் பெயர் 'கேஸ்லன் ஆன்டிக்' என்று பிறகு அறிந்தோம். பொன்னெழுத்தின் வெற்றியைக் கண்ட அமெரிக்க வார்ப்பகங்கள் 1890-களில் பழம்பாணி எழுத்துக்களைச் சந்தைக்குக் கொணர்ந்தன. அவற்றுள் ஒன்று, சிகாகோவில் 'பதினைந்தாம் நூற்றாண்டு' என்ற பெயரில் வெளிவந்தது. அது பெரிதாக விலைபோகவில்லை. பின்னர் 'கேஸ்லன் ஆன்டிக்' எனப் பெயர் மாற்றினர்; உடனே விற்கத் தொடங்கியது. வில்லியம் கேஸ்லன் பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் எழுத்து வார்த்த பேராசான். இவ்வெழுத்துக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அரிப்பும் தள்ளாட்டமும் தேய்வினால் வந்தவை அல்ல, வரைந்தே செய்தவை. சந்திக்காத ஆசானின் பெயரைச் சொல்லி அறிவிப்பதற்கு நமது கலையில் என்ன பெயர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாடக விளம்பரத்திலும் கடற்கொள்ளையர் கதையின் அட்டையிலும் அந்த எழுத்து வருவதில் நமக்கு ஆட்சேபமில்லை. அங்கே வேடம் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். அறிவு நூலின் முகப்பில் அது வேடமாகத் தெரிவதில்லை.

வெளியூர் அறிஞருக்கு உண்மையை எழுதினோம். 1980-களில் வகுப்பறையில் சொல்லப்பட்டவை, நம் கைக்குறிப்புகளும் இரு சக மாணவர்களின் கைக்குறிப்புகளும் மூலம் என்று விளக்கினோம். குறிப்பேடுகளின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்தும் அனுப்பினோம்: நீல மையில், சாய்ந்த, அழகற்ற நமது நஸ்கு. அவருடைய பதில் ஒரே வரியில் வந்தது. இந்தப் பக்கத்தையே முகப்பாக அச்சிட்டிருக்கலாமே என்று கேட்டிருந்தார். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது எனக் கேள்விப்பட்டு, குழுவினரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறோம். வாசிக்கிறோம் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.